இசைச் சங்கு எதிர் இயந்திரச் சங்கு

கீழே வருவதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. காளிகாட் அம்மன் மேல் ஆணை. அது போதாது என்பவர்களுக்காக டாக்குரியா ஏரியில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றும் சத்தியம் செய்யலாம். மார்கழி, தை மட்டும் வேண்டாம்.

பாரத தேசத்தின் சங்கீதத்தைக் காப்பாற்றியது யார் என்று கேட்டால், விவரம் தெரியாதவர்கள் பாடகர்கள், பிடில்காரர்கள் என்று ஏதேதோ சொல்வார்கள். பாடியவர்கள் கண்ட பலன் என்ன? தொண்டை கட்டியதுதான். சங்கீதத்தைக் காப்பாற்றியது ஒரு சட்டப் பிரிவு. கல்கத்தாவில் சங்கநாத் மியூசிக் கம்பெனியின் இரண்டாவது மாடியில், மின்விசிறி சுற்றும் சத்தத்தைத் தவிர வேறு நாதம் எதுவும் கேட்காத ஓர் அறையில், அது இயங்கிவந்தது. அதன் தலைவரும் வக்கீலும் சிவராமகிருஷ்ணன். சுருதி, தாளம் இரண்டும் அவரை எந்த வயதிலும் அண்டியதில்லை. அதனாலேயே சங்கீதத்தைப் பாரபட்சமின்றிக் காப்பாற்ற அவரால் முடிந்தது.

சங்கநாத்தின் முத்திரை ஒரு சங்கு. வாயிலிருந்து மூன்று அலைகள் புறப்படும். கல்கத்தாவில் துர்கா பூஜைக்குப் புதுப் புடவை எடுப்பதுபோல் புதுப் பாட்டும் எடுப்பது வழக்கம். மகாளய அமாவாசைக்குள் கடைக்கு வராத பாட்டு, தீபாவளிக்கு மறுநாள் வந்த பட்டாசுக்குச் சமம். அதனால் ஆவணியிலிருந்தே சங்கநாத்தின் ஸ்டூடியோவில் பாடகர்கள் வரிசையில் நிற்பார்கள்.

அது கேசட்டுக் காலம். ஊரில் இத்தனை தென்னிந்தியர்கள் இருக்கிறார்களே, அவர்களும் காசு கொடுத்து வாங்குவார்களே என்று சேர்மனுக்கு ஞானோதயம் பிறந்து, ‘நவராத்திரிக்கு ஒன்பது பாட்டு’ என்று ஒரு கேசட் பதிவானது. பாடியவள் காமு. சிவராமகிருஷ்ணனின் மனைவி, கல்யாணமாகி இரண்டாவது வருஷம். ஏரிப்பக்கத்து பஜனை மண்டலியில் அவள் பாடினால் வங்காளிகள்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்காருவார்கள். பதிவின்போது சிவராமகிருஷ்ணன் அடுத்த அறையில்தான் இருந்தார். ஆனால் ஸ்டூடியோவின் கதவு கெட்டியானது, உள்ளே பாடுவது வெளியே வராது. சங்கநாத் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை.

கேசட்டுகள் அச்சாகி, அட்டையில் கடுகு மஞ்சள் பட்டில் காமுவும் அவள் தலைக்கு மேல் சங்குமாக, கிடர்பூர் கிடங்கில் அடுக்கப்பட்டன. மகாளயத்துக்கு இன்னும் நாலு நாள். அவற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம் என்று போன சிவராமகிருஷ்ணன், துறைமுகத்துக் கேட்டருகே ஒரு கைவண்டியைப் பார்த்தார். வண்டியில் அட்டைப்பெட்டிகள். பெட்டி மேல் சங்கு. வாயில் மூன்று அலைகள்.

“நில்லுப்பா! உள்ளே என்ன, தபலாவா?”

“கம்ப்யூட்டர், பாபு.”

“கம்ப்யூட்டருக்கு எதுக்குச் சங்கு?”

“எனக்கு எதுக்கு வண்டி? இழுக்கச் சொன்னா இழுக்கறேன். வழி விடுங்க, பின்னாடி லாரி!”

சங்கநாத் சிஸ்டம்ஸ் என்றொரு புதுக் கம்பெனி முளைத்திருந்தது. பெயரும் அதே, சங்கும் அதே. இனி வசதிக்காக ஒன்றை இசைச் சங்கு என்றும் மற்றதை இயந்திரச் சங்கு என்றும் அழைப்போம். கோர்ட்டும் கடைசியில் அப்படித்தான் அழைத்தது.

மறுநாளே வழக்கு. பூஜை விடுமுறைக்கு முந்தைய கடைசி நாள். வக்கீல்கள் பாதிப் பேர் பெட்டி படுக்கையோடு கோர்ட்டுக்கு வந்திருந்தார்கள். பூரி ஜகந்நாதரைப் பார்க்க ரயில் டிக்கெட். அந்தச் சூழ்நிலையில் சிவராமகிருஷ்ணன் எழுந்து, காமுவின் கேசட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, பிற்பாடு சட்டக் கல்லூரிகளில் ‘சங்கநாத் சூத்திரம்’ என்று போதிக்கப்பட்டிருக்க வேண்டிய அந்த வாசகத்தைச் சொன்னார்:

“மை லார்ட், ஒரு குறியைப் பார்த்தவுடன், ஒரு குரலைக் கேட்டவுடன், இது இன்னாருடையது என்று சாதாரண மனிதன் ஒருவன் தயங்காமல் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அதற்குப் பெயர் குழப்பம். குழப்பம் புகுந்த இடத்தில் வியாபாரம் நிற்காது. குடும்பம்கூட நிற்காது!”

நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். “இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஒரு தடை போடட்டுமா? வழக்கு முடியும்வரை அவர்கள் இயந்திரம் சத்தம் போடக் கூடாது. நீங்கள் சங்கு போட்ட புதுப் பாட்டு வெளியிடக் கூடாது. சம்மதமென்றால் இப்போதே உத்தரவு. இல்லையென்றால் பூஜைக்கு அப்புறம்.”

எதிர்த் தரப்பு வக்கீல் தீபக் சான்யால் யோசித்தார். பூரி டிக்கெட் அவர் சட்டைப் பையில் இருந்தது. சிவராமகிருஷ்ணன் யோசிக்கவே இல்லை. தாக்கல் செய்த அன்றே தடையுத்தரவு! கல்கத்தாவில் யாருக்குக் கிடைத்திருக்கிறது? தன் கம்பெனிக்கும் சேர்த்துத்தான் என்பது சின்ன விஷயம். “சம்மதம், மை லார்ட்!”

இயந்திரச் சங்குக்கு இதில் நஷ்டமில்லை. அவர்கள் பெட்டிகள் அப்போது ஊமை. இசைச் சங்கு ஊமையானது. அன்று சாயங்காலம் சேர்மன் எல்லோருக்கும் சந்தேஷ் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

“ஜெயிச்சுட்டோம்!” என்றார் சிவராமகிருஷ்ணன் வீட்டுக்கு வந்து.

“அப்போ கேசட்டு எப்போ வரது?” என்றாள் காமு.

“அதான் ஜெயிச்சுட்டோமே. வராது.”

“ஏன்னா, பூஜைக்குன்னு அம்மாவுக்குக் கடுதாசு போட்டிருக்கேனே!”

“அடுத்த பூஜைக்கு வரும். இன்னொண்ணு, அந்தப் பாட்டையெல்லாம் ஆத்துலயும் பாடாதே. ஜன்னல் தெறந்திருக்கு. தெருவுல கேட்டா வெளியீடுன்னு ஆயிடும். தீபக் பாபு சும்மா இருக்க மாட்டார்.”

காமு ஜன்னலைப் பார்த்தாள். அதற்குக் கதவு பூஜைக்கு முன்னால் வந்து மாட்டுகிறேன் என்று தச்சன் சொல்லியிருந்தான். வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த பூஜை வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. பூஜைகளுக்கு என்ன, யாரும் தடை வாங்கவில்லை. ஒவ்வொரு மகாளயத்துக்கு முன்பும் வழக்கு எடுக்கப்படும், சிவராமகிருஷ்ணன் கேசட்டைத் தூக்கிக் காட்டுவார், சூத்திரத்தைச் சொல்வார், தீபக் சான்யால் எழுந்து “பூஜைக்கு அப்புறம், மை லார்ட்” என்பார். பிறகு இருவரும் வாசலில் மண் குவளையில் டீ குடிப்பார்கள். “ஷிபுதா, நாம் ரெண்டு பேரும் இல்லையென்றால் இந்த ஊரில் சங்கீதம் என்ன ஆகும்?” என்று தீபக் சான்யால் நெகிழ்வார். வங்காளி வாயில் சிவராமகிருஷ்ணன், ‘ஷிபு அண்ணா’ என்ற அர்த்தத்தில் ஷிபுதா ஆகியிருந்தார்.

இசைச் சங்கு இந்தக் காலத்தில் கண்ட வளர்ச்சி அபாரமானது. பாடகர்கள் வருவது நின்றதால் வாசலில் நெரிசல் குறைந்தது. ஸ்டூடியோ, சட்டப் பிரிவின் ஆலோசனைக் கூடமாயிற்று. உள்ளே பேசுவது வெளியே வராததால் அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. தம்புராவைப் படுக்கவைத்து அதன் மேல் வாய்தாக் கட்டுகளை அடுக்கினார்கள். பழைய பாட்டுகளின் விற்பனையில் வந்ததெல்லாம் சங்கீதத்தைக் காப்பாற்றவே செலவானது. கேசட் போய் சிடி வந்தது. சிடி போய் எல்லாம் ஃபோனுக்குள் போயிற்று. வழக்கு மட்டும் நிலைத்து நின்றது.

“இந்தப் பூஜைக்காவது வருமா?” என்று ஆவணியில் ஒருமுறை காமு கேட்பாள்.

“மேட்டர் சப் ஜூடிஸ். கோர்ட்டுல இருக்கு” என்பார் அவர். நாளடைவில் அவள் கேட்பதும் அவர் சொல்வதும், திவசத்தில் தர்ப்பையை வாங்குவதுபோல் வழக்கமாகிவிட்டது.

எதிர்வீட்டு மாஷிமா அந்தி சாய்ந்ததும் விளக்கேற்றி மூன்று முறை சங்கு ஊதுவாள். வங்காளி வீடுகளில் அது நித்திய வழக்கம். அதையும் சிவராமகிருஷ்ணன் விடவில்லை. வழக்கு முடியும்வரை மணி ஏதாவது அடித்துக்கொள்ள முடியுமா என்று பணிவாகக் கேட்டுப் பார்த்தார்.

“ஆமார் ஷாங்க், ஆமி பாஜாபோ!” என்றாள் மாஷிமா. என் சங்கு, நான் ஊதுவேன். அன்றிலிருந்து நான்கு முறை ஊதினாள். உரிமையை இவ்வளவு சுருக்கமாக நிலைநாட்ட முடியும் என்று தெரிந்தால் வக்கீல்கள் என்ன ஆவது?

இந்த நிலையில்தான் மகள் மேக்னா படித்து முடித்து, இயந்திரச் சங்கிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். ‘ஒலி வடிவமைப்பாளர்’ என்று பதவி. சத்தமே போடக் கூடாத கம்பெனியில் அது என்ன வேலை என்று யாருக்கும் புரியவில்லை. நவீனப் பதவிகள் புரிவதற்காக ஏற்பட்டவை அல்ல. சிவராமகிருஷ்ணன் மகளிடம் பேசுவதை நிறுத்தவில்லை. அவர் நாகரிகமானவர். சாப்பாட்டு மேஜையில் எதைச் சொன்னாலும், “வழக்குக்குப் பாதகமின்றி” என்று ஆரம்பிப்பார்.

“வழக்குக்குப் பாதகமின்றி, அந்த ரசத்தை இப்படித் தள்ளு.”

“தூர்! அப்பா, நீ வீட்டிலயும் கோர்ட்டா?” என்று பாதி வங்காளத்தில் அலுத்துக்கொள்வாள் மேக்னா.

போன வருஷம் இயந்திரச் சங்கின் புது ஃபோன் வந்தது. சார்ஜில் போட்டால் ‘டிங்’ என்றது. அவ்வளவுதான். கண் இமைக்கும் நேரம். ஆனால் சிவராமகிருஷ்ணனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனையோ பூஜைகள் காத்திருந்த அந்த ‘டிங்’! தடையுத்தரவு மீறப்பட்டுவிட்டது!

தீபக் சான்யாலின் வாதம் எளியது: அது வெறும் சத்தம், சங்கீதம் அல்ல, உத்தரவின் உட்கருத்து சங்கீதத்தைப் பற்றியது. ஆக, நாட்டின் முன் ஒரே கேள்வி நின்றது. ‘டிங்’ சங்கீதமா? கேட்டுச் சொல்ல ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை ஆணையராகக் கோர்ட் நியமித்தது. இசைச் சங்கின் தரப்பில் ஒரு நிபுணர் சாட்சி தேவைப்பட்டார். கம்பெனிக்குத் தெரிந்த பாடகர்களில் உயிரோடும் பேச்சுவார்த்தையோடும் இருந்தவள் காமு ஒருத்திதான்.

“இதோ பார், காமு. ஒரு தடவை கேட்கணும். ‘இது சங்கீதம்’னு சொல்லணும். நாம ஜெயிச்சா கேஸ் முடியும். கேஸ் முடிஞ்சா தடை போகும். தடை போனா உன் கேசட்டு.”

அவள் புடலங்காய் நறுக்குவதை நிறுத்தினாள். “நிஜம்மாவா?”

“நான் எப்போ பொய் சொல்லியிருக்கேன்?”

“நீங்க பொய்யெல்லாம் சொல்ல மாட்டேள். வாய்தாதான் வாங்குவேள்.” அரிவாள்மணையை மடக்கினாள். “சரி. அது சங்கீதமா இருந்தா சங்கீதம்னு சொல்றேன்.”

“இருந்தாவா? காமு, ஒரே ஒரு வார்த்தை! உனக்குப் பாட்டு வெளியில வரணுமா வேண்டாமா?”

அவள் நறுக்கினதை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அன்று புடலங்காய் கூட்டில் உப்பு இல்லை. இருவருமே கவனிக்கவில்லை.

விசாரணை பழைய ஸ்டூடியோவில் நடந்தது. அத்தனை வருஷத்துக்குப் பிறகு காமு அந்தக் கெட்டிக் கதவுக்குள் நுழைந்தாள். முன்பு நின்று பாடிய இடத்திலேயே சாட்சி நாற்காலி போட்டிருந்தது. மூலையில் தம்புரா வாய்தாக்களின் அடியில் கிடந்தது. எதிர்த் தரப்பு வரிசையில் மேக்னா நகம் கடித்தாள்.

ஃபோனைச் சார்ஜில் போட்டார்கள். ‘டிங்.’

காமு நிமிர்ந்தாள். “இன்னொரு தரம் போடுங்கோ.”

‘டிங்.’

“திருமதி காமு, இது சங்கீதம்தானே?” என்றார் சிவராமகிருஷ்ணன், கறுப்புக் கோட்டை இழுத்துவிட்டபடி.

“இது எங்காத்து டவரா.”

“என்ன?”

“நீங்க தினம் காபி குடிக்கறேளே, அந்த டவரா. விளிம்புல ஒரு நசுங்கல் இருக்கு. அதுல டம்ளர் இடிச்சா இப்படித்தான் கேக்கும். எனக்குத் தெரியாதா?”

எல்லோரும் மேக்னாவைப் பார்த்தார்கள். “ஸ்டீல் சவுண்டுதான் வேணும்னாங்க...” என்றாள் அவள். “வீட்ல ரெக்கார்ட் பண்ணேன். ஸாரி, மா.”

ஆணையர் கண்ணாடியைக் கழற்றினார். “டவரா என்பது வாத்தியமா?”

“காபி வாத்தியம்” என்றார் தீபக் சான்யால்.

“ஆட்சேபிக்கிறேன்!” என்றார் சிவராமகிருஷ்ணன். “ஜலதரங்கமும் கிண்ணம்தான். அம்மா, யோசித்துச் சொல்லுங்கள். டவராவின் ஒலி ஏன் சங்கீதமாகக் கூடாது? உங்களுக்கு நஷ்டம் இல்லையே! லாபம்கூட இருக்கலாம்!”

காமு அந்தக் கெட்டிக் கதவைப் பார்த்தாள். “கூடாது” என்றாள். “இதைச் சங்கீதம்னு சொல்லிட்டு, அப்புறம் நான் பாடினதுக்கு என்ன பேர் வெப்பேள்?”

டவரா சான்றுப் பொருளாகக் கைப்பற்றப்பட்டது. அன்றிலிருந்து சிவராமகிருஷ்ணன் பீங்கான் கோப்பையில் காபி குடிக்கிறார். நாட்டுக்காகச் செய்த தியாகங்களில் இதுவும் ஒன்று.

‘டிங்’ சங்கீதமில்லை என்று ஆணையர் அறிக்கை கொடுத்தார். தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும், இசைச் சங்கின் சேர்மன் இயந்திரச் சங்கின் சேர்மனை ஒரு கிளப்பில் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். பெக்டி மீன் வறுவல் வந்தபோது வழக்கு நடந்துகொண்டிருந்தது. பாயசம் வருமுன் முடிந்துவிட்டது. இயந்திரச் சங்கு இசைச் சங்கை வாங்கிக்கொண்டது: பெயர், முத்திரை, கிடங்கு, ஸ்டூடியோ, பதிவான குரல்கள், சட்டப் பிரிவு எல்லாம் சேர்த்து.

அன்றைக்குச் சட்டப் பிரிவில் இழவு விழுந்த அமைதி. தீபக் சான்யால் வந்து சிவராமகிருஷ்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “நல்லா இருந்த கேஸ், ஷிபுதா! இன்னும் ஒரு தலைமுறைக்குத் தாங்கியிருக்கும்!”

“உன்னால போச்சு” என்றார் சிவராமகிருஷ்ணன் காமுவிடம்.

“அப்போ தடையும் போச்சோன்னோ?” என்றாள் அவள்.

அது அவருக்குத் தோன்றவே இல்லை. கிடர்பூர் போய்ப் பார்த்தார்கள். பெருமழை ஒவ்வொன்றிலும் கிடங்குக்குள் தண்ணீர் வந்து போயிருந்தது. கேசட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, பெரிய கறுப்பு மைசூர்பாகாக இருந்தன. அட்டைகளில் காமுவின் முகம் கரைந்திருந்தது. சங்கு மட்டும் பளிச்சென்று இருந்தது. முத்திரைக்கு எப்போதும் நல்ல மைதான்.

“பரவாயில்லை. இப்போ யாராத்துல டேப் ரிக்கார்டர் இருக்கு?” என்று சமாதானம் சொன்னார் அவர். காமு திரும்பிப் போகும் பஸ்ஸில் டாக்குரியா வரை வாய் திறக்கவில்லை. அது அவளுக்குப் பழக்கம்தான். அந்தத் தடையுத்தரவை ஒரு நாளும் மீறாதவள் அவள் ஒருத்திதான். அவள் வழக்கில் கட்சிக்காரியே இல்லை.

புதிய சங்கநாத், சிவராமகிருஷ்ணனின் அருமை அறிந்து அவரை ‘உரிமைப் பாதுகாப்புத் தலைவர்’ ஆக்கியது. இனி எதிரி ஒரு கம்பெனி அல்ல. நாட்டில் யார் வேண்டுமானாலும் எதிரி. சங்கநாத்துக்குச் சொந்தமான எந்தக் குரல் எங்கே கேட்டாலும் நோட்டீஸ். அவருக்குப் பத்து வயது குறைந்துபோயிற்று.

ஒரு நாள் சாயங்காலம் காமுவின் ஃபோன் மக்கர் செய்தது. மேக்னா வாங்கிக் கொடுத்த சங்கநாத் ஃபோன்தான். வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தாள். “உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். தயவுசெய்து காத்திருக்கவும்” என்றது ஒரு குரல். பிறகு தம்புரா. பிறகு ஒரு பெண் பாட ஆரம்பித்தாள்.

அவள் கேசட்டின் முதல் பாட்டு. காமு ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

காத்திருப்பவர்களுக்குப் போட, செலவில்லாத ஒரு குரல் யாருக்கோ வேண்டியிருந்தது. ஸ்டூடியோ அலமாரியில் மூலப் பதிவு நனையாமல் இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. மூன்றாவது பாட்டின் பாதியில், “வணக்கம், நான் எவ்வாறு உதவட்டும்?” என்று ஒரு பையன் குறுக்கிட்டான்.

“உதவ வேண்டாம்ப்பா. திரும்பவும் காத்திருக்கறதுலயே போட்டுடு.”

“மேடம், உங்க புகார்?”

“நீ பேசறதுதான் புகார்.”

அதன்பின் தினமும் மாஷிமா சங்கு ஊதி முடித்ததும் காமு ஃபோனை ஜன்னலோரம் வைத்து, ஒலியைக் கூட்டி, சேவை எண்ணை அழைப்பாள். சங்கநாத்தின் சேவை அத்தனை உயர்ந்தது: ஒன்பது பாட்டும் முடியும்வரை சில நாள் யாருமே எடுப்பதில்லை. மாஷிமா பொரிக் கிண்ணத்தோடு வந்து உட்காருவாள். மாடிப்படியில் நாலைந்து பேர் நிற்பார்கள். “அபூர்போ!” என்பாள் மாஷிமா. “யார் என்று சொல்ல மாட்டேன் என்கிறாளே இந்தக் காமு!”

பூஜைக்குச் சில நாள் முன்பு, சிவராமகிருஷ்ணன் சீக்கிரம் வீட்டுக்கு வந்தார். படியிலேயே கூட்டம். உள்ளே பாட்டு. வாசலில் நின்று கேட்டார்.

“யார் பாடறது?”

காமு நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் சட்டென்று இளமையாகிவிட்டது. “நீங்களே கேட்டுச் சொல்லுங்கோளேன்.”

அவர் கண்ணை மூடினார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். முழுசாக ஒரு பாட்டு, தொழில் அக்கறையோடு கேட்டார். காமு புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“சின்னப் பொண்ணு” என்றார் கடைசியில். “ஆந்திரா பக்கமா இருக்கும். குரல் நன்னா இருக்கு. நம்ம கம்பெனி சரக்கு மாதிரி இருக்கே... இத்தனை பேர் உக்காந்து கேக்கறேளே, லைசென்ஸ் இருக்கா?”

காமு ஃபோனை எடுத்து அணைத்தாள். “காபி கலக்கட்டுமா?” என்றாள்.

மறுநாள் அவர்கள் குடியிருந்த கட்டிடத்துக்கே நோட்டீஸ் வந்தது. சங்கநாத்துக்கு முழு உரிமையுள்ள பெண் குரல் ஒன்றை அனுமதியின்றிப் பொதுவில் ஒலிபரப்பியதற்கு விளக்கம் கேட்டிருந்தது. கையெழுத்து சிவராமகிருஷ்ணனுடையது. வாங்கிக் கையொப்பமிட்டவள் காமு.

சங்கீதத்தைக் காத்த அந்த வழக்கின் முதல் சான்று அவள் கேசட்தான். அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டாமல் அவர் ஒரு பூஜையையும் கழித்ததில்லை. ஒரு தடவைகூட அதைப் போட்டுக் கேட்டதில்லை.